வெட்டி எறிந்த பேச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசைப் பட்டம் முடித்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். கச்சேரிகளை நம்புவதா, பள்ளி இசையாசிரியர் வேலைக்குப் போவதா என்று குழம்புகிறேன். இதற்கிடையில், தாத்தா பாடம் நடத்திய 40 கேசட்டுகளை எம்பி3 ஆக்கிவிட்டேன். பேச்சையும் இருமலையும் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்திருக்கிறேன். இனி கேசட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.

ச.

அன்புள்ள ச.,

வேலைக்குப் போங்கள், மாதச் சம்பளம் வாங்குகிறவர் மாலையில் பாடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடைசி மூன்று வரிகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எதை வெட்டினீர்கள் என்று தெரிந்துதான் செய்தீர்களா? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை ஸ்வரக்குறிப்பில் எழுதினால் ‘க’ என்ற ஒற்றை எழுத்துதான். அது கீழ் ஸ்வரமான ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மேல் ஸ்வரமான மத்தியமத்தை எட்டித் தொட்டு அசைவதை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் குருநாதர் அந்த ஓரிடத்தை ஒரு மாலை முழுவதும் பாடவைத்து, “அவசரப்படாதே, அங்கேயே இரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. கச்சேரிப் பதிவில் கிடைப்பது முடிந்த பாட்டு. பாடத்தின் பதிவில்தான் பாட்டு எப்படி உருவாகிறது என்பது இருக்கிறது. உங்கள் தாத்தா மாணவனை நிறுத்தித் திருத்திய இடங்களையெல்லாம் குப்பை என்று நீக்கிவிட்டு, நாளை பள்ளியில் எதைக் கொண்டு சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

கடுமையாக எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது குருநாதர் வீட்டு ஓடுகள் பறந்து, அவருடைய கேசட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டி நிறைய மழைநீர். பதற்றத்தில் அவற்றை மொட்டைமாடி வெயிலில் பரப்பியவன் நான்தான். காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில், காற்றில் உலர்த்தியிருந்தால் பல பிழைத்திருக்கும். நாடாக்கள் சுருங்கி ஒட்டிக்கொண்டன. அவருடைய குரல் இன்று எங்கும் இல்லை.

உங்களிடம் மூலம் இன்னும் இருக்கிறது. எம்பி3 என்பது காது கவனிக்காது என்று கணக்கிட்டு ஒலியின் ஒரு பகுதியை நீக்கிவிடும் வடிவம். நீக்கியது திரும்பி வராது. ஆகவே 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், எதையும் நீக்காத வேவ் (WAV) கோப்பாக, இரைச்சலைக்கூடத் தொடாமல், முதலிலிருந்து மாற்றுங்கள். ஒரு மணி நேரம் ஏறத்தாழ 2 ஜிபி. 60 நிமிடக் கேசட்டுகள் என்றால் 40-ம் ஒரு சின்ன ஹார்டு டிஸ்கில் அடங்கிவிடும். பிரதி ஒன்று வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பாடுகிற மாணவர் யார், எந்த ஆண்டு, என்ன ராகம் என்பதைத் தாத்தாவிடம் பாடம் கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

கேசட் ஓட்டும் என் டெக் நல்ல நிலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வாருங்கள். பேருந்தில் கேசட்டுப் பையை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.