படத்துக்குக் கீழே நாலு வரி: நூதனசாலை நூல்கள் பற்றிய கேள்வி பதில்

வெளிநாட்டுக் கலை நூதனசாலை ஒன்றில் பதினொரு வருடம் வெளியீட்டுப் பிரிவை நடத்திவிட்டு ஊருக்கு வந்தவன் நான். இப்போது கனகராயன்குளத்தில் இருக்கிறேன். வன்னியில் ஒரு ஓவியக் கண்காட்சி வைக்க வேண்டும், அதற்கு ஒரு நூலும் போட வேண்டும் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். தொடங்க முன்னர் ஒரு வேண்டுகோள்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள்.

ஓவிய ஆசிரியை, கிளிநொச்சி: நூதனசாலையில் வெளியீட்டுப் பிரிவுக்குப் பொறுப்பானவர் என்னதான் செய்வார்? எழுத்துப்பிழை பார்ப்பதா?

அதைப் பார்க்க வேறு ஆள் இருப்பார், ரீச்சர். என் வேலை பெரும்பாலும் நாட்காட்டியோடுதான். கண்காட்சி திறக்கும் நாளில் நூல் மேசையில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சுக்கும் கப்பலுக்கும் மூன்று நாலு மாதம், வடிவமைப்புக்கும் நிறம் சரிபார்க்கவும் இன்னொரு மூன்று மாதம். அப்படியென்றால் கட்டுரைகள் குறைந்தது ஆறேழு மாதத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும். அந்த நேரத்தில் எந்த ஓவியம் தொங்கப்போகிறது என்றே கண்காட்சியைத் தொகுக்கும் கியூரேட்டர் முடிவெடுத்திருக்க மாட்டார். இரவல் தருவதாகச் சொன்னவர் கடைசி வாரத்தில் மனம் மாறினால் 47ஆம் இலக்கப் படத்தின் பக்கம் வெறுமையாகிவிடும். அதை நிரப்புவது, கியூரேட்டரைக் கெஞ்சுவது, பிறகு மிரட்டுவது, சுவரில் ஒட்டும் குறிப்பும் நூலில் உள்ள குறிப்பும் ஒரே திகதியைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது, எல்லாம் அந்தப் பிரிவின் தலையில்தான்.

போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வராது. ஆனாலும் ஏன் போடுகிறார்கள்? நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 1929 நவம்பரில் திறந்தபோது சுவரில் தொங்கியவை இரவல் வாங்கிய செசான், கோகன், சூரா, வான்கோ படங்கள். கண்காட்சி முடிய அவை உரியவர்களிடம் திரும்பிப் போய்விட்டன. கண்காட்சிக்குப் போட்ட நூல், அதாவது கற்றலொக், இன்றைக்கும் இருக்கிறது.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கண்டியக் கலைகள் பற்றிய தன் பெரிய நூலை 1908இல் இங்கிலாந்தில் தானே கூடநின்று கையச்சில் அடித்தார். மொத்தம் 425 பிரதிகள்தான். 1917இல் பொஸ்டன் நூதனசாலைக்குப் போனவர், அங்கிருந்த இந்தியக் கலைப்பொருட்களுக்கும் கற்றலொக் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, காலம், வந்த வழி. இவரிடம் திரும்பி வர வேண்டியிருக்கும் என்று இதை எழுதும்போது நினைக்கவில்லை.

ஒரு தம்பி, புதுக்குடியிருப்பு: வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை நூலில் போடலாமா?

போட முடியாது. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. 20 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு ஓவியம் வர வேண்டுமென்றால் குறுக்கே ஏறக்குறைய 2,360 புள்ளி. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதையே ‘டொக்கியூமென்ட்’ ஆக இணைத்து அனுப்பினால் சுருங்காது. ரியூப்லைற்றுக்குக் கீழே எடுக்க வேண்டாம். விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில், படத்தைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து எடுங்கள். கமராவைச் சரித்துப் பிடித்தால் சதுர ஓவியம் ‘பட்டம்’ மாதிரி வரும்.

மாங்குளம்: ஒரு நூலுக்கு எவ்வளவு காசு முடியும்?

அச்சகத்தில் கேளுங்கள். பக்க எண்ணிக்கையை மட்டும் 16இன் மடங்கில் வையுங்கள். 97 பக்கம் என்று போய் நிற்காதீர்கள்.

வவுனியா: நான் காசு கொடுத்து வாங்கிய ஓவியம். அதை அட்டைப்படமாகப் போட ஓவியரிடம் கேட்க வேண்டுமா?

கேட்கத்தான் வேண்டும், ஐயா. துணி உங்களுடையது, பதிப்புரிமை அவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓவியர் இறந்து 70 வருடம்வரை அது அவர் குடும்பத்துக்குப் போகும். அந்த ஓவியத்தைப் படம் எடுத்தவரிடமும் தனியே சம்மதம் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, ஒரு கடிதம் வேண்டும். காசில்லாமல் பழைய ஓவியப் படங்கள் தேடுபவர்களுக்கு: நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017இல் 375,000க்கு மேற்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

முழங்காவில்: என் கவிதைத் தொகுதியை நூதனசாலை வெளியிடுமா?

வெளியிடாது. ஒரு பதிப்பகத்தைப் பாருங்கள்.

செட்டிகுளம்: 2009இல், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த முகாமில் பிள்ளைகள் கீறிய 31 படங்கள் எங்களிடம் இருக்கின்றன. படக்குறிப்பில் இடம் என்று எதைப் போடுவது? ‘ஆனந்த குமாரசுவாமி நலன்புரி நிலையம்’ என்றா, ‘மெனிக் பாம் முகாம்’ என்றா?

இந்தக் கேள்விக்காகவே மற்றதையெல்லாம் எழுதலாம்.

படக்குறிப்பு ஒரு ஒழுங்கில் போகும்: கீறியவர், தலைப்பு, ஆண்டு, எதில் எதனால் கீறியது, அளவு (உயரம் முதலில், அகலம் பிறகு), யாரிடம் இருக்கிறது. நாலு வரி. வாசிப்பவர் கட்டுரையை விட்டாலும் இதை விடமாட்டார். நீங்கள் அனுப்பியதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நிவாரணப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறியது. வரிசையாகக் கூடாரங்கள், ஒன்றுக்கு மட்டும் நிறம். கீழே ‘எங்கட கூடாரம்’ என்று எழுதியிருக்கிறது. அதுதான் தலைப்பு. உங்கள் பட்டியலில் யாரோ ‘எங்கள் கூடாரம்’ என்று திருத்தியிருக்கிறார்கள். தயவுசெய்து பழையபடி ஆக்குங்கள். அது பிழையில்லை, பிள்ளையின் கை.

இடத்துக்கு: சனம் சொன்ன பெயர், ‘மெனிக் பாம், செட்டிகுளம்’. அரசு வைத்த பெயர் நூலின் பின்குறிப்பில், அது யார் வைத்த பெயர் என்ற ஒரு வசனத்தோடு.

இதற்கு மல்லாவியிலிருந்து ஒரு அண்ணை: அரசு வைத்த பெயரே வேண்டாம். ‘நலன்புரி’ என்று அச்சடித்தால் முள்ளுக்கம்பி எங்கே போனது?

முள்ளுக்கம்பி கட்டுரையில் வரட்டும், அண்ணை. படங்களிலும் அது இருக்கிறது. பெயரை அழித்தால் இருபது வருடம் கழித்து ஆவணம் தேடும் ஒருவருக்கு வழி தெரியாமல் போகும். குடும்ப அட்டையிலும் வைத்தியக் குறிப்பிலும் அந்தப் பெயர்தானே இருக்கிறது.

திரும்பவும் அவரே: அப்போ ‘தடுப்பு முகாம்’ என்று போடுங்கள்.

அது ஒரு தீர்ப்பு. எனக்கும் அதே தீர்ப்புத்தான் என்றாலும், கட்டுரையாளர் தன் பெயரைப் போட்டுச் சொல்ல வேண்டியது அது. படக்குறிப்புக்குக் கீழே யாருடைய பெயரும் இல்லை. அதனாலேயே அதில் வாதாடக் கூடாது.

ஒரு தங்கை, தருமபுரம்: நாங்கள் முகாமில் அந்தப் பெயர் வைத்த வலயத்தில்தான் இருந்தோம். குமாரசுவாமி என்ற பெயரை நான் முதன்முதல் அங்கேதான் கேட்டேன். அவர் கலை பற்றி எழுதினவர் என்று கம்பஸ் போன பிறகுதான் தெரியும்.

இதை வாசித்துவிட்டு எழும்பிப் போய்க் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று மற்ற வலயங்களுக்கும் பெயர் இருந்தது. 2012இல் எல்லாம் மூடப்பட்டது. நூதனசாலைக் கற்றலொக்கை ஒவ்வொரு வரியாகச் செதுக்கிய ஒருவரின் பெயர் ஒரு கூடார வரிசையின் பெயராகி, அதற்குள் இருந்து ஒரு பிள்ளை படிவத்தின் பின்பக்கத்தில் படம் கீறியிருக்கிறது. தங்கை, நீங்கள் எழுதிய இந்த மூன்று வசனத்தையும் பின்குறிப்பில் அப்படியே போடலாமா? சம்மதம் என்றால் கடிதமாகத் தாருங்கள்.

மல்லாவி அண்ணையின் பதில் வந்திருக்கிறது: ‘அப்படியென்றால் பெயர் இருக்கட்டும்.’

விசுவமடு: பாமினியில் உள்ள 60 பக்கத்தை அனுப்பியிருக்கிறேன்...

பார்த்தேன். எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறாள். யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் வாசித்து அனுப்புங்கள். நூல் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், பந்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இது மூன்றாம் தடவை சொல்கிறேன்.

நெடுங்கேணி: நூலுக்கான ஐஎஸ்பிஎன் இலக்கம் எங்கே எடுப்பது?

கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும்.

மடு: உழும்போது ஒரு சுடுமண் பாவை கிடைத்தது. அதையும் நூலில் சேர்க்கலாமா?

கழுவாதீர்கள், விற்காதீர்கள், எடுத்த இடத்தை அடையாளம் வையுங்கள். தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நூல் பிறகு.

துணுக்காய்: எவ்வளவு முடியும் என்று...

மாங்குளத்துக்குச் சொன்னதுதான்.

மீண்டும் செட்டிகுளம்: ‘எங்கட கூடாரம்’ கீறிய பிள்ளையிடமும் சம்மதம் வேண்டுமா? அப்போது ஒன்பது வயது.

வேண்டும். பதிப்புரிமைக்கு வயதில்லை. இப்போது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். படிவத்தின் அச்சடித்த பக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயர் மங்கலாகத் தெரிகிறது, அங்கிருந்து தேடுங்கள். ஆளைக் கண்டால் நூலில் பெயரைப் போடுவதா விடுவதா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தை அச்சடிக்கக் கூடாது. அதற்கு முன், 31 படங்களின் பின்பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். பென்சில் மங்கிக்கொண்டு வருகிறது.