பாசியா, வௌவாலா?

கேள்வி: அழிவின் விளிம்பில் உள்ள பாசி, பழந்தின்னி வௌவால் – எதைக் காப்பது கடினம்?

பதில்: என் ஓட்டு பாசிக்கே. இங்கிலாந்தின் டெர்பிஷயரில், சுண்ணாம்புப் பாறை ஓடை ஒன்றில் சில சதுர மீட்டர் மட்டுமே படர்ந்திருக்கிறது ஒரு மாஸ் (moss) வகைப் பாசி. வேர் கிடையாது, இலை வழியாகவே நீரை உறிஞ்சும். ஓடை வற்றினாலோ, உரம் கலந்தாலோ நேரடியாகப் பாதிக்கப்படும். ஓடித் தப்ப வழியில்லை. வேலி போட்டால் போதாது, மேலிருந்து வரும் தண்ணீரையும் காவல் காக்க வேண்டும்.

மேகமலையில் 1948-இல் கிடைத்து, 1972-இல் தனி இனமாகப் பெயர் சூட்டப்பட்ட சலீம் அலி பழந்தின்னி வௌவாலுக்குச் சிறகாவது உண்டு. ஆனால் தங்கும் குகையில் ஆள் நுழைந்து கலைத்தாலோ, அத்திமரங்களை வெட்டினாலோ நிலைமை மோசம்தான். மருந்து என்று நம்பி வேட்டையாடியதும் உண்டு. குகைப் பக்கம் டார்ச், பட்டாசு கூடவே கூடாது.