அருங்காட்சியகத்தில் தனி ஆளா? – வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

கேள்வி: எங்கள் சிறிய அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர், பதிவேடு எழுதுபவர், சில நாள் டிக்கெட் கிழிப்பவர், எல்லாமே நான்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. என்னைப் போன்றவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கலாமா?

இப்போதைக்குச் சங்கம் வேண்டாம். தலைவர் யார், பொருளாளர் யார், விதிமுறை என்ன என்று பேசியே முதல் ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குள் வந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். கையில் இருக்கும் ஒரே ஒரு சிக்கலை முன்வைத்து ஐந்தாறு பேரைக் கூப்பிடுங்கள்.

மரச்சிற்பத்தின் அடியில் மாவு போலத் தூள் உதிர்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். வண்டு மரத்தைத் துளைத்திருக்கலாம். துளையின் விளிம்பு கூராக, உள்ளே மரம் வெளிறி இருந்தால் அது புதிய துளை என்று சொல்ல ஒருவர் வேண்டும். எந்த வண்டு என்று பார்க்க, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் ஒருவர். மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் ஃப்ரீசர் வைத்திருக்கும் ஒருவர். வண்டைக் கொல்ல, சிற்பத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டி, இரண்டு வாரம் உள்ளே வைப்பார்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் பொருளின் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும். “இது வண்ணம் பூசிய மரம், உறைய வைத்தால் பூச்சு உரியலாம், வேண்டாம்” என்று தடுக்கவும் ஒருவர் தேவை. ஃப்ரீசர்காரரைவிட இவர் முக்கியம்.

கூடியவர்களிடம் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக் கொடுங்கள்: எனக்குத் தெரிந்தது, நான் இரவல் தரக்கூடியது, எனக்குத் தெரியாதது. மூன்றாவதை நிரப்ப எல்லோரும் கூச்சப்படுவார்கள். முதலில் நீங்கள் நிரப்புங்கள். நூலகத்தில் புத்தகம் கட்டுபவர், ஆவணக் காப்பகத்தில் இருப்பவர் ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எண்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு எங்களுக்கு இருக்கிறது. காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் தவிர எதுவும் வருவதில்லை. ஏன்?

இரண்டு காரணம். குழுவில் மேலதிகாரிகள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் “எனக்குத் தெரியவில்லை” என்று எழுத யாருக்கும் மனம் வராது. பணியாளர்களுக்கென்று தனியாக, பத்துப் பதினைந்து பேருக்குள் ஒரு குழு வையுங்கள்.

அடுத்தது, கேள்வி கேட்கும் விதம். மங்கலான ஒரு படம், கீழே “இது என்ன கறை?” இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? பொருள் எதனால் ஆனது, அளவு என்ன, எப்போதிருந்து மாற்றம் தெரிகிறது, சேமிப்பறையின் ஈரப்பதம் எவ்வளவு, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்ற ஐந்தும் இருக்கட்டும். படத்தில் பொருளின் பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். பூட்டு, கேமரா, அலமாரி எண் ஆகியவை படத்தில் விழக் கூடாது. கேட்டவர் பிறகு முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். அதை யாராவது ஒருவர் பொதுக் கோப்பில் ஏற்ற வேண்டும். அந்த வேலையை மாதம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஆள் தலையில் கட்டினால் அவர் ஓய்ந்ததும் குழுவும் ஓய்ந்துவிடும்.

கேள்வி: வெள்ளம் வந்தால் ஒருவருக்கொருவர் உதவ நான்கு அருங்காட்சியகங்கள் பேசி வைத்திருக்கிறோம். அது போதுமா?

பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும். முதலில், நான்கும் ஒரே ஆற்றங்கரையிலா இருக்கின்றன? அப்படியென்றால் நான்கிலும் ஒரே இரவில்தான் தண்ணீர் ஏறும். மேட்டில் இருக்கும் ஒன்றையாவது சேருங்கள்.

நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். ஆகவே நள்ளிரவில் எடுக்கும் கைபேசி எண்கள் ஓர் இடத்துக்கு இரண்டு தேவை. அலுவலக எண் உதவாது. வெளியாள் பொருளைத் தொட அனுமதி தருபவர் யார், உதவிக்கு வந்தவர் காயப்பட்டால் செலவு யாருடையது, ஈரத்தை உறிஞ்சும் ஒற்றுத்தாள் தீர்ந்தால் வாங்குவது யார்? இந்த மூன்றும் எழுதப்படாததால்தான் உதவிக்கு வந்தவர்கள் வாசலில் கைகட்டி நிற்க நேர்கிறது.

பொதுப் பெட்டியில் ஒற்றுத்தாள், பாலித்தீன் விரிப்பு, துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகள், நைட்ரைல் கையுறை, பருத்தி நாடா, அடையாளச் சீட்டு, டார்ச், பென்சில் இருக்கட்டும். பேனா வேண்டாம், மை கரைந்துவிடும். வழவழப்பான தாள் காய்ந்தால் பக்கங்கள் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈரத்தோடேயே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். ஆண்டுக்கொரு முறை ஒத்திகையாகப் பழைய பத்திரிகைகளை நனைத்துத் தூக்கிப் பாருங்கள். முழுக்க நிரப்பிய கூடையை ஒருவரால் தூக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைக்கும்.

கேள்வி: ஐகாமில் (ICOM, பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றம்) உறுப்பினராகச் சேர்ந்தால் பயன் உண்டா?

உண்டு. 1946-இல் தொடங்கிய அமைப்பு அது. பொருள் பாதுகாப்பு உட்படத் துறைவாரியாகப் பன்னாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. கட்டணம் பாரமென்றால் உங்கள் குழுவில் ஒருவர் சேர்ந்து, தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்குச் சொல்லட்டும். ஐகாமின் நெறிமுறைக் கையேட்டைப் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. சேமிப்பறையை ஒழுங்குபடுத்த, பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் பன்னாட்டு அமைப்பான இக்ரோம் (ICCROM) உருவாக்கிய ரீ-ஆர்க் (RE-ORG) முறையும் இலவசம்தான். ஆள் குறைந்த அருங்காட்சியகங்களை மனதில் வைத்தே செய்தது.

கேள்வி: காவலர்கள், துப்புரவுப் பணியாளர்களையும் சேர்க்கலாமா?

கட்டாயம். சிற்பத்தடியில் உதிர்ந்த தூளை முதலில் பார்ப்பவரும், பெருக்கிக் குப்பையில் போடுபவரும் துப்புரவுப் பணியாளர்தான். பெருக்கும் முன் ஒரு படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள்.