தம்பியின் யென் சேமிப்பை ஊருக்கு வரவழைத்துவிடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என் தம்பி நகோயாவில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். சம்பாதித்ததெல்லாம் அங்கே பேங்கில் யென்னாகக் கிடக்கிறது. ஜப்பான் அரசின் கடன், நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறார்கள். நங்காய் பூகம்பம் வேறு எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். இவ்வளவு கடனில் இருக்கிற நாடு அப்படி ஒரு அடி வாங்கினால் எழுந்திருக்குமா? பணத்தை இப்போதே அனுப்பிவிடச் சொல்லட்டுமா?”

நாடு திவாலாகிவிடும் என்று பயந்து அனுப்ப வேண்டியதில்லை. அதே சமயம், மொத்தச் சேமிப்பும் யென்னிலேயே இருப்பது சரியில்லை. அதற்குக் காரணம் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பயம் ஆதாரமில்லாததல்ல. 2025 மார்ச்சில் ஜப்பான் அரசே வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஜப்பானின் தென்கரையையொட்டிக் கடலடியில் நீளும் நங்காய் பள்ளத்தில் மிக மோசமான பூகம்பமும் சுனாமியும் வந்தால் 2,98,000 பேர் வரை இறக்கலாம். பொருளாதார இழப்பு 292 லட்சம் கோடி யென் வரை போகலாம். ஜப்பானின் ஓராண்டு உற்பத்தியே ஏறக்குறைய 600 லட்சம் கோடி யென்தான். நகோயா அந்த அபாயப் பகுதிக்குள் வருகிறது.

ஆனால், கடன்பட்ட நாடு பேரிடரிலிருந்து மீளுமா என்று பார்க்கும்போது, எவ்வளவு கடன் என்பதைவிட யாரிடம், எந்த நாணயத்தில் வாங்கிய கடன் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இதற்கு ஜப்பானின் சொந்த வரலாற்றிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் தரைமட்டமாக்கிய காந்தோ பூகம்பத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திரும்பக் கட்டுவதற்கு உள்நாட்டில் பணம் போதவில்லை. 1924 தொடக்கத்தில் ஜப்பான் நியூயார்க்கிலும் லண்டனிலும் கடன் பத்திரம் விற்றது. நியூயார்க்கில் 15 கோடி டாலர், வட்டி ஆறரை சதவீதம். இவ்வளவு வட்டிக்கா என்று கொதித்துப்போன ஜப்பானியர்கள் அதற்கு ‘தேச அவமானக் கடன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளூரில் நடந்தது இன்னும் மோசம். பூகம்பத்தில் அடிபட்ட வியாபாரிகளின் உண்டியல்களை, அதாவது பின்னால் பணம் தருவதாக எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகளை, மத்திய வங்கி ஏற்றுக்கொண்டு வங்கிகளுக்குப் பணம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பூகம்பத்துக்கு முன்பே நொடித்துப்போயிருந்த கம்பெனிகளின் உண்டியல்களும் அதில் கலந்துவிட்டன. அந்த அழுகல் நான்கு ஆண்டு மூடிக் கிடந்தது. 1927 மார்ச்சில் நிதியமைச்சர் கதாவோக்கா, அதுவரை மூடப்படாத ஒரு வங்கியை மூடிவிட்டதாக நாடாளுமன்றத்தில் வாய்தவறிச் சொல்ல, மக்கள் வங்கிகளுக்கு ஓடினார்கள். வங்கிகள் வரிசையாக விழுந்தன. பூகம்பத்தில் தப்பித்த சேமிப்பு பலருக்கு அப்போதுதான் போனது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான தோஹோக்குவில் பூகம்பமும் சுனாமியும் வந்தபோதும் கடன் ஓராண்டு உற்பத்தியில் இரண்டு மடங்காகத்தான் இருந்தது. நேரடிச் சேதம் சுமார் 16.9 லட்சம் கோடி யென். ஒரு வாரத்துக்குள் யென் விழவில்லை, ஏறியது! டாலருக்கு 76 யென் என்ற அளவுக்குப் போய், ஏற்றுமதி பாதிக்கும் என்று ஜி7 நாடுகள் சேர்ந்து அதைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. ஜப்பானியரும் ஜப்பானியக் கம்பெனிகளும் வெளிநாட்டில் குவித்து வைத்திருந்த சொத்தை விற்றுப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று சந்தை கணக்குப் போட்டதுதான் காரணம். அரசின் கடனும் பெரும்பாலும் சொந்த மக்களிடமும் சொந்த வங்கிகளிடமும் யென்னில் வாங்கியது. நெருக்கடி நேரத்தில் டாலருக்கு அலைய வேண்டிய நிலை வரவில்லை.

மறுசீரமைப்புச் செலவுக்குத் தனிப் பத்திரம் வெளியிட்டார்கள். அதை அடைக்க 2013 முதல் வருமான வரியின் மேல் 2.1 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். உங்கள் தம்பியும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய டெபாசிட் வட்டியில் 20.315 சதவீதம் பிடித்திருப்பார்கள், பார்க்கச் சொல்லுங்கள். அந்த .315 தோஹோக்குவுக்குப் போகிறது.

வெளியில் கடன்பட்ட சிறிய நாடுகளின் கதை வேறு. கரீபியன் தீவு நாடான கிரெனடாவை 2004ல் ஐவன் புயல் தாக்கியபோது சேதம் அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல இரண்டு மடங்கு. ஏற்றுமதியின் உயிரான ஜாதிக்காய் மரங்கள் சாய்ந்தன. புதுக்கன்று காய்க்கவே பல ஆண்டு பிடிக்கும். அடுத்த ஆண்டே கடனை மாற்றியமைத்தும், 2013ல் மறுபடி தவணை கட்ட முடியாமல் போனது. அப்புறம்தான் ‘புயல் அடித்தால் தவணை தள்ளிப்போகும்’ என்ற ஷரத்தைக் கேட்டு வாங்கினார்கள். 2024ல் பெரில் புயலுக்குப் பிறகு அது கைகொடுத்தது. கடன்பட்ட ஒவ்வொரு நாடும் இதை வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்பேன்.

சரி, 2011ல் தாங்கிய ஜப்பான் நங்காயையும் தாங்குமா? தாங்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் அன்றுபோல் சுலபமாக அல்ல. நேரடிச் சேதமே 2011ஐவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கலாம். அன்று பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டி இருந்தது. மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியபின் இப்போது அதைவிடக் கூட. 2025 பட்ஜெட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பழைய கடனுக்கே போயிற்று. இன்னொரு பக்கம், 2024 முடிவில் வெளிநாட்டில் ஜப்பானின் நிகர சொத்து 533 லட்சம் கோடி யென். அந்தக் கையிருப்பு இருக்கிறவரை வெளியாரிடம் கையேந்தும் நிலை வராது.

பணத்தால் மீட்க முடியாதவையும் உண்டு. 2011 சுனாமி துடைத்தெடுத்த ரிக்குசென்தகாத்தா என்ற ஊரில் மலையைக் குடைந்து, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கொண்டுவந்து கொட்டி நிலத்தையே உயர்த்தினார்கள். மனைகள் தயாரான பிறகு பல இடங்களில் வீடு கட்ட ஆள் வரவில்லை. 2010ல் 23,000க்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2020ல் 18,000 சொச்சம். நாடு எழுந்துவிட்டது என்று எழுதுகிறபோதெல்லாம் எனக்கு அந்த ஊர் உறுத்தும்.

இனி தம்பிக்கு. ஜப்பான் அரசு யென் கடனை அடைக்க முடியாமல் கைவிரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அரசின் புதிய கடன் பத்திரங்களை மத்திய வங்கியே புதுப் பணம் உருவாக்கி வாங்கிக்கொண்டு போனால் யென்னின் மதிப்பு மெல்லக் கரையலாம். பூகம்பம் வராமலே 2021க்குப் பிறகு அது நன்றாகச் சரிந்திருக்கிறது. அதனால் ஆறு மாதச் செலவுக்கானதை யென்னில் வைத்துக்கொண்டு, ஊரில் வீடு, கல்யாணம் என்று ரூபாயில் செலவாகப்போகிற பணத்தை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பட்டும். ஒரே நாளில் மொத்தமாக மாற்ற வேண்டாம்.

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒரு கோடி யென் அசலும் அதன் வட்டியும் வரைதான். அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடட்டும். பாஸ்புக்கும், அங்கே கையெழுத்துக்குப் பதில் பயன்படும் முத்திரையும் சுனாமியில் போனவர்களுக்கு 2011ல் அடையாளத்தைச் சரிபார்த்துப் பணம் கொடுத்தார்கள். ஆகவே அடையாள அட்டையின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். கடைசியாக, வாடகை வீட்டுக்கு அவர் எடுத்திருக்கும் தீக் காப்பீட்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூகம்பத்தால் பற்றிய தீக்குச் சாதாரணத் தீக் காப்பீட்டில் இழப்பீடு கிடையாது. நிலநடுக்கக் காப்பீட்டை அதோடு சேர்த்து எடுத்தால்தான் வீட்டுப் பொருட்களுக்குப் பணம் வரும்.