விண்மீன் மண்டலங்களின் வரைபடத்தில் அண்டத்தின் தொடக்கம்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு, இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (செம்பனைத் தோட்ட மேற்பார்வையாளர்): ஐயா, 13.8 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்ததை, விண்மீன் மண்டலங்கள் (கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கேலக்ஸிகள்) எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து வைப்பதால் எப்படி அறிய முடியும்?

பதில்: முற்றிய செம்பனைத் தோட்டத்தில் மரங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தால், கன்று நட்ட காலத்தில் எத்தனை மீட்டருக்கு ஒன்றாகக் குறி வைத்தார்கள் என்று உங்களால் சொல்லிவிட முடியும்; நட்டவர்கள் இன்று இருக்க வேண்டியதில்லை. அண்டத்திலும் அப்படியோர் இடைவெளி பதிந்திருக்கிறது. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 380,000 ஆண்டுகள் வரை அண்டம் அணுக்கள் உருவாக முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. ஒளியும் பொருளும் பிணைந்து கிடந்த அந்தக் குழம்பில், அடர்ந்த இடங்களிலிருந்து ஒலியலைகள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பரவின. அணுக்கள் உருவாகி ஒளி விடுபட்டதும் அலைகள் நின்றுவிட்டன. அவை அதுவரை கடந்த தூரம், அண்டத்தின் விரிவால் நீண்டு, இன்று ஏறத்தாழ 490 மில்லியன் ஒளியாண்டாக இருக்கிறது. இரண்டு விண்மீன் மண்டலங்கள் அந்த இடைவெளியில் அமைந்திருக்கும் வாய்ப்பு சற்றே கூடுதலாக உள்ளது. 2005-இல், விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் ஸ்லோன் ஆய்வுக் குழுவும், ஆஸ்திரேலியத் தொலைநோக்கியைப் பயன்படுத்திய மற்றொரு குழுவும் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. ஓரிரு மண்டலங்களைப் பார்த்தால் இது தெரியாது. ஸ்லோன் குழு 46,000-க்கும் மேற்பட்ட மண்டலங்களை வைத்துக் கணக்கிட்ட பின்னரே தெரிந்தது.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): அந்த ஒலியலைகள் எதிலிருந்து தொடங்கின? அதற்கும் முன்னால் நடந்ததை அறிய வழி உண்டா?

பதில்: உண்டு, என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக ஆழமான கேள்வி இதுதான். அண்டம் தன் முதல் நொடியின் மிகச் சிறிய பின்னத்துக்குள் அளவிட முடியாத வேகத்தில் விரிந்தது என்ற பெருவீக்கக் கருத்தை இயற்பியலாளர் ஆலன் கூத் 1981-இல் வெளியிட்டார். அப்போது நுண்துகள் அளவில் தற்செயலாக எழுந்து மறையும் குவாண்டம் ஏற்ற இறக்கங்கள் அண்ட அளவுக்கு இழுக்கப்பட்டு, நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான அடர்த்தி வேறுபாடுகளாயின. சற்றே அடர்ந்திருந்த இடங்கள் ஈர்ப்பால் மேலும் பொருளைச் சேர்த்துக்கொண்டு விண்மீன் மண்டலங்களாக வளர்ந்தன.

பெருவீக்கத்தை நடத்தியது ஒரே ஒரு புலமா (வெளியெங்கும் பரவி நிற்கும் ஆற்றல்), பல புலங்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. எளிய ஒரு புல விளக்கம் சரியென்றால், அந்த ஏற்ற இறக்கங்கள் ஏறக்குறைய முழுவதும் காஸ் பரவலை, அதாவது புள்ளியியலின் மணி வடிவப் பரவலை, பின்பற்ற வேண்டும். அந்த ஏற்ற இறக்கங்களில் நீளமான பெரிய அலைகளுக்கும் குறுகிய சிறிய அலைகளுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பல புலங்கள் இருந்திருந்தால், பெரிய அலை உயர்ந்திருக்கும் பகுதியில் சிறிய அலைகளும் வலுப்பெற்றிருக்கக்கூடும். அதனால் அங்கே, பொருளின் அளவை மட்டும் வைத்து எதிர்பார்ப்பதைவிட அதிகமான விண்மீன் மண்டலங்கள் பிறந்திருக்கும். இந்த மிகுதி, நாம் பார்க்கும் தூர அளவு பெரிதாகப் பெரிதாக அதன் வர்க்கத்தைப் பின்பற்றி வளரும் என்று 2008-இல் நான்கு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஒலிவியே டோரே, இன்று இதே அடையாளத்தைத் தேடும் ஸ்ஃபியரெக்ஸ் விண்தொலைநோக்கித் திட்டத்தின் அறிவியலாளர்.

கேள்வி (ஓய்வு பெற்ற கணித ஆசிரியை): பிளாங்க் செயற்கைக்கோள் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சை அளந்துவிட்டதே. மறுபடியும் ஏன்?

பதில்: அணுக்கள் உருவானபோது விடுபட்ட ஒளிதான் அந்தக் கதிர்வீச்சு. அதிலிருந்து பிளாங்க், பெரிய அலைகளுக்கும் சிறிய அலைகளுக்கும் உள்ள தொடர்பின் அளவை −0.9 என்றும், பிழை எல்லையை ±5.1 என்றும் தந்தது. அதாவது சுழியோடு பொருந்துகிறது. ஆனால் பல புல விளக்கங்களில் கணிசமானவை 1-ஐ ஒட்டிய மதிப்பை எதிர்பார்க்கின்றன. 5 என்ற பிழையோடு அதைத் தீர்மானிக்க இயலாது. நுண்ணலைக் கதிர்வீச்சு ஒரு கோளப் பரப்பைப் போல இரு பரிமாணத்தில் மட்டுமே கிடைக்கிறது, அதில் இந்தக் கேள்விக்குரிய தகவலின் பெரும்பகுதியை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. விண்மீன் மண்டலங்களோ ஆழத்தையும் சேர்த்து முப்பரிமாணத்தில் பரவியிருப்பதால், எண்ணுவதற்குரிய அலைகள் அவற்றில் மிக அதிகம்.

கேள்வி (மருத்துவமனை ஆய்வுக்கூட ஊழியர்): ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: செம்பெயர்ச்சியால், அதாவது அண்டத்தின் விரிவால் தொலைவிலிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவால். அரிசோனாவின் கிட் பீக் மலையில் உள்ள டெசி கருவி, 5,000 சிறு ரோபோக்களால் 5,000 ஒளியிழைகளை நகர்த்தி, ஒரே நேரத்தில் அத்தனை பொருள்களின் நிறமாலையையும் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவையும்) எடுக்கிறது. 2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்ஃபியரெக்ஸ் வேறு வழியில் செல்கிறது: வானம் முழுவதையும் 102 அகச்சிவப்பு வண்ணங்களில் படமெடுத்து, 450 மில்லியன் மண்டலங்களின் தூரத்தைக் கணிக்கத் திட்டமிட்டுள்ளது. தனித்தனி அளவின் துல்லியம் டெசியைவிடக் குறைவுதான், ஆனால் மிகப் பெரிய அலைகளைத் தேடுவோருக்குப் பரப்பே முக்கியம்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): தேடுவது இவ்வளவு மெல்லிய அடையாளம் என்றால், ஏமாந்துபோக வாய்ப்பில்லையா?

பதில்: நிறைய உண்டு. இதைப் பற்றிப் பொதுவாகப் பேசுவோர் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நமது பால்வீதியில் உள்ள தூசு, தனக்குப் பின்னால் இருக்கும் மண்டலங்களின் ஒளியை மங்கச் செய்கிறது. தூசு அடர்ந்த திசையில் குறைவான மண்டலங்களும், தெளிந்த திசையில் அதிகமானவையும் கணக்கில் சேரும். தூசு வானில் பெரும் பரப்புகளாகப் படர்ந்திருப்பதால், நாம் தேடும் பெரிய அளவு அலையைப் போலவே ஒரு போலி அலையை அது உருவாக்கிவிடும். விண்மீன்களை மண்டலங்கள் என்று தவறாக எண்ணுவதும், இரவுக்கு இரவு மாறும் காற்றின் தெளிவும் இதே தீங்கைச் செய்கின்றன.

இதனால்தான் டெசி குழு, முடிவு எது என்று தெரியாதபடி தன் தரவை வேண்டுமென்றே மாற்றி மறைத்து வைத்துக்கொண்டு, ஆய்வு முறை உறுதியான பிறகே திரையை விலக்குகிறது. 2024-இல் அது வெளியிட்ட அளவும் சுழியோடு ஒத்துப்போனது. பிழை எல்லை ஏறத்தாழ ±9. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உண்மையான அடையாளம், ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் இருண்ட பொருள் மிக அடர்ந்த இடங்களில் வாழும் மண்டலங்களில் வலுவாகவும் மற்றவற்றில் மெலிவாகவும் தெரிய வேண்டும். தூசுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மண்டலங்களை வகைபிரித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போலி வெளிப்பட்டுவிடும். இப்படிச் சோதிக்காமல் யாரேனும் பெரிய கண்டுபிடிப்பை அறிவித்தால், அதை நம்பாதிருப்பதே நேர்மை என்று கருதுகிறேன்.

கேள்வி (லாரி ஓட்டுநர்): நம் ஊரிலிருந்து ஒரு விண்மீன் மண்டலத்தையாவது கண்ணால் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஆண்டிறுதி இரவொன்றில், தெருவிளக்கு எட்டாத தோட்டப் பாதையில் நின்று வடக்கே பார்த்தால், ஆந்திரமேடா சிறு புகைத்திட்டாகத் தெரியும். அதன் ஒளி 2.5 மில்லியன் ஆண்டுகள் பயணம் செய்து வந்தது.

கேள்வி (அதே மாணவி): எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த பின் இதில் ஈடுபட விரும்பினால், பெரிய தொலைநோக்கி உள்ள நாட்டுக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: தொடங்குவதற்கு வேண்டியதில்லை. ஸ்லோன் தரவுகள் பொதுவெளியில் இருக்கின்றன. டெசி தன் முதல் தொகுப்பை 2025 மார்ச்சில் திறந்துவிட்டது. ஸ்ஃபியரெக்ஸ் தான் எடுத்தவற்றை இரண்டு மாதத்துக்குள் வெளியிடுகிறது. புள்ளியியலையும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஸ்லோன் தரவில் ஒரு சிறு பகுதியை எடுத்து, மண்டலங்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிட்டு, அதே பகுதியில் தற்செயலாகத் தூவிய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் கேள்வியில் சொன்ன இடைவெளி சிறு பகுதியில் தெரியாது, ஆனால் மண்டலங்கள் கூட்டமாக வாழ்கின்றன என்பதை உங்கள் சொந்தக் கணினியிலேயே காண்பீர்கள். கணக்கில் தடுமாற்றம் வந்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.