கதவுக்கு அந்தப் பக்கம்: வெறுப்பை ஆராய்கிறவர்களை யார் காப்பாற்றுவது?

வெறுப்புக் கும்பல்களை ஆராய்கிறவர்களின் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவற்றில் பலவும் நிகோலாய் கிரென்கோவைச் சுற்றியே வந்திருப்பதால், தெரியாதவர்களுக்காக நாலு வரி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இனவியல் அறிஞர். நாஜிக் கொள்கை பேசும் இளைஞர் கும்பல்கள் மீதான வழக்குகளில் நிபுணராக அறிக்கை எழுதிக் கொடுத்துவந்தார். 2004 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு மணி அடித்தது. அவர் கதவருகே வந்ததும் மூடிய கதவின் வழியாகவே சுட்டுவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 63.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): அவர் ஆப்பிரிக்கா பற்றிய ஆய்வாளர் என்று படித்தேன். ரஷ்ய ரவுடிகளின் வழக்கில் அவருக்கு என்ன வேலை?

ஆமாம், அவருடைய சொந்தத் துறை கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகங்களும் சுவாஹிலி மொழியும்தான். குலம், இனம் என்ற எண்ணங்கள் ஒரு கூட்டத்துக்குள் எப்படி உருவாகின்றன என்று ஆயுள் முழுக்கப் படித்தவர். அந்தப் படிப்புதான் நீதிமன்றத்தில் பயன்பட்டது.

ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 282ஆம் பிரிவு, இனப் பகையைத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் கூண்டில் நிற்கிறவன் "நான் நாட்டுப்பற்றைத்தான் எழுதினேன்" என்பான். நீதிபதி முன் ஒரு துண்டுப் பிரசுரம் கிடக்கும். அதில் கொலை என்ற சொல்லே இருக்காது. 'ஷுல்ட்ஸ்-88' என்று ஒரு கும்பல் இருந்தது. ஷுல்ட்ஸ் தலைவனின் பட்டப்பெயர். 88 என்ன? லத்தீன் அகரவரிசையில் எட்டாவது எழுத்து 'எச்'. இரண்டு எச் சேர்ந்தால் 'ஹைல் ஹிட்லர்'. இதை நீதிபதிக்கு விளக்கி, இந்த எழுத்து யாரை யாருக்கு எதிராக ஏவுகிறது என்று வரிவரியாகக் காட்டுவதுதான் நிபுணரின் வேலை. அந்தக் கும்பலைப் பற்றி அறிக்கை எழுதியவர் கிரென்கோ. தலைவனுக்கு 2005 டிசம்பரில் ஆறாண்டுச் சிறை விதித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): மிரட்டல் இருந்திருக்குமே ஐயா, போலீஸ் பாதுகாப்பு கொடுக்கவில்லையா?

அன்று காலை அந்தக் கதவுக்கு வெளியே காவலுக்கு ஆள் இல்லை. சட்டத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நீதிபதிகளையும் விசாரணை அதிகாரிகளையும் பாதுகாக்க ரஷ்யாவில் 1995லேயே சட்டம் வந்துவிட்டது. நிபுணர் அந்த வரிசையில் வரவில்லை. அவர் அரசுச் சம்பளத்தில் குற்றவாளியைப் பிடிப்பவர் அல்லர், வெறும் ஆய்வாளர்! சாட்சி, பாதிக்கப்பட்டவர், நிபுணர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட சட்டத்தில் கையெழுத்தான நாள் 2004 ஆகஸ்ட் 20. கிரென்கோ இறந்து சரியாக இரண்டு மாதம். அதுவும் நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 1 முதல்.

ஏட்டில் அது நல்ல சட்டம். ஆளுக்குக் காவல், வீட்டுக்குக் காவல், முகவரியை மறைத்தல், வேறு ஊருக்கு மாற்றுதல், தேவைப்பட்டால் பெயரையே மாற்றுதல் என எல்லாம் இருக்கிறது. ஆனால் கிரென்கோவோடு இதே துறையில் பணியாற்றிய வலென்டினா உசுனோவா என்ற நிபுணரை 2007 ஜூனில் தாக்கி, வழக்குக் காகிதங்களைப் பறித்துக்கொண்டு போனார்கள். சட்டம் வந்து மூன்றாவது வருடம் அது.

கேள்வி: சுட்டவர்கள் பிடிபட்டார்களா?

பிடிபட்டார்கள். பொரொவிகோவ், வொயெவோதின் என்ற இருவரின் பெயரால் அறியப்பட்ட கும்பல். பொரொவிகோவ் 2006இல் கைது முயற்சியின்போது சுடப்பட்டு இறந்தான். வொயெவோதினுக்கும் இன்னொருவனுக்கும் 2011 ஜூனில் ஆயுள் தண்டனை. கொலை நடந்து ஏழு வருடம் கழித்து.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்): மிரட்டல் வந்தவுடன் இரண்டு காவலரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இதை ஏன் பெரிய பிரச்சினையாகப் பேசுகிறீர்கள்?

காவலர் தேவை, அதை மறுக்கவில்லை. பெல்ஜியத்தில் 2021 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். தீவிர வலதுசாரி எண்ணம் கொண்ட ராணுவ வீரன் ஒருவன் படைக்கிடங்கிலிருந்து ஆயுதங்களோடு மறைந்துவிட்டான். அவன் குறிவைத்தவர்களில் ஒருவர் மார்க் வான் ரான்ஸ்ட் என்ற வைரஸ் ஆய்வாளர். அரசு அவரையும் குடும்பத்தையும் ரகசிய வீட்டுக்குக் கொண்டுபோனது. வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். ஜூன் 20 அன்று அந்த வீரனின் சடலம் காட்டில் கிடைத்த பிறகுதான் ஆபத்து நீங்கியது. தேதியைக் கவனியுங்கள், கிரென்கோ இறந்த அதே ஜூன் 20. தற்செயல்தான், ஆனாலும் மனதில் நின்றுவிட்டது.

அங்கே ஆபத்துக்குப் பெயரும் முகமும் இருந்தன. தேடலாம், முடிக்கலாம். கிரென்கோ போன்றவர்களுக்கு ஆபத்து எந்த வழக்கிலிருந்து வரும் என்றே தெரியாது. பத்து வருடத்துக்கு முன் சிறைக்குப் போனவனின் தம்பி வரலாம். எத்தனை காலம் காவலரை நிறுத்துவீர்கள்?

நான் கேட்பது வேறு. ஏன் ஒரே ஆள்? ஒரு வட்டாரத்தில் இத்தகைய அறிக்கை எழுதத் துணிந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் என்றால், ஒருவரைக் கொன்றால் பத்து வழக்குகள் முடங்கும் என்று கொலைகாரன் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு தப்பாக வேண்டும். அறிக்கையில் மூன்று பேர், ஐந்து பேர் கையெழுத்திடட்டும். நிறுவனம் தன் முத்திரையைப் போடட்டும். தொடர்பு முகவரி நிறுவனத்துடையதாக இருக்கட்டும். வழக்குக் கட்டில் என்ன இருக்கிறதோ அது எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போகும், அங்கிருந்து அவருடைய கட்சிக்காரனுக்கும் போகும். கிரென்கோவுக்கே இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். இத்தகைய எழுத்துகளை எப்படிப் பகுப்பாய்வு செய்வது என்று ஒரு முறையை வகுத்து எழுதினார். தனக்கு மட்டுமே தெரிந்த வித்தையாக அதை வைத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: நிபுணர் என்ற பெயரில் அரசு சொல்வதை எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்களே? அவர்களையும் பாதுகாக்க வேண்டுமா?

நல்ல அடி. இருக்கிறார்கள். ரஷ்யாவிலேயே தீவிரவாதத் தடுப்புச் சட்டம் பிற்பாடு அரசை விமர்சிப்பவர்கள் மீதும் பாய்ந்தது. அதற்கேற்ற அறிக்கை எழுதவும் ஆள் கிடைத்தார்கள். இன வெறுப்புக் குற்றங்களையும், அந்தச் சட்டத்தின் துஷ்பிரயோகத்தையும் ஒருசேரக் கண்காணித்துவந்த 'சோவா' மையத்தை 2023இல் மாஸ்கோ நீதிமன்றம் கலைத்துவிட்டது. அதனால்தான் பாதுகாப்பு அரசின் கருணையாக மட்டும் இருக்கக் கூடாது என்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு: உயிரைக் காப்பதில் நல்லவர், கெட்டவர் பார்க்க முடியாது. மோசமான அறிக்கைக்குப் பதில் குறுக்கு விசாரணை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): நம் பக்கம் இப்படி யாரும் இல்லையா?

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ராஜினி திராணகம, யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூறியல் கற்பித்தவர். எந்தத் தரப்பு செய்த வன்முறையானாலும் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள் ஊரைவிட்டு வெளியேறி மறைவாக இருந்தபடி பல ஆண்டுகள் அறிக்கைகளைத் தொடர்ந்தார்கள்.

கர்நாடகத்தின் தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கி சுட்டுக் கொல்லப்பட்டது 2015 ஆகஸ்ட் 30. அவர் 'வசனம்' எனப்படும் பழைய கன்னடப் பக்தி இலக்கியத்தின் ஆய்வாளர், தீவிரவாதத்தை ஆராய்ந்தவர் அல்லர், எனவே முழுதும் ஒப்பிட மாட்டேன். ஆனால் அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அதுவும் வீட்டு வாசல்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவர்): சாதிவெறிப் பதிவுகளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். நான் இன்றைக்கே செய்ய வேண்டியது என்ன?

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். தகவல் தருபவருக்குத் தீங்கு வருமா என்று கேட்கும். உங்களுக்கு வருமா என்று பெரும்பாலும் கேட்காது. அந்த இரண்டாவது கேள்வியை நீங்களே எழுதி, நெறியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். வீட்டு முகவரியையும் குடும்பப் படங்களையும் இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வரும் மிரட்டல் ஒவ்வொன்றையும் தேதியோடு சேமியுங்கள். அழித்துவிட்டால் மனம் லேசாகும், வழக்கும் லேசாகிவிடும். நெதர்லாந்தில் மிரட்டப்படும் ஆய்வாளர்களுக்கென்றே 2022 முதல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பொது உதவித் தளம் நடத்துகின்றன. நமக்கு அது இல்லாதவரை, எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய இருவர் பெயரை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் பணியில் இருந்தபோது என் மாணவர் ஒருவர் இதுபோன்ற தலைப்பில் களப்பணி செய்தார். ஒருநாள் இரவு அவருக்குத் தொலைபேசி. திட்டவில்லை, மிரட்டவில்லை. "உங்கள் வீடு மாடிதானே, தம்பி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். நாங்கள் வேலை பார்த்த கல்லூரி சொன்ன யோசனை, தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. தலைப்பை மாற்றவில்லை. அவர் வீட்டை மாற்றினார். நான் என் வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினேன்.

கேள்வி (அதே மாணவர்): திரும்ப மாட்டினீர்களா ஐயா?

இல்லை. தபால்காரருக்கு வீடு தெரியும்.