தேன்குழல் சிக்கு வாடை அடிக்க எண்ணெயிலுள்ள இரட்டைப் பிணைப்புதான் காரணமா?

காரைக்குடியிலிருந்து வந்த கேள்வி இது: கல்யாணச் சீருக்குக் கடலை எண்ணெயில் சுட்ட தேன்குழல் மூன்று வாரத்திலேயே சிக்கு வாடை அடிக்கிறது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ‘எண்ணெயில் ஆல்கீன் இருக்கு, அதான்’ என்கிறான், சரியா? முக்கால்வாசி சரி.

இரண்டு கார்பனுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஆல்கீன். அதில் ஒன்று சிக்மா, உறுதியானது. மற்றது பை (π), கார்பன்களுக்கு மேலும் கீழும் தளர்வாகப் பரவிக் கிடப்பது. இரண்டையும் சேர்த்து அறுக்க மோலுக்குச் சுமார் 610 கிலோ ஜூல் வேண்டும், அதில் பையின் பங்கு 265 தான். அதனால் புரோமினோ அயோடினோ வந்தால் பை திறந்து இடம் கொடுக்கும், சிக்மா அசையாது. எண்ணெய்த் தரத்துக்குப் பார்க்கும் அயோடின் எண் இந்தச் சேர்க்கை வினையேதான்: 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை வாங்கிக்கொள்கிறது என்ற கணக்கு. தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 7 முதல் 10, கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99, நல்லெண்ணெய்க்கு 105 முதல் 115.

இந்த எண்ணை மட்டும் நம்பினால் நல்லெண்ணெய்தான் முதலில் கெட வேண்டும். கெடுவதில்லையே! பிள்ளை விட்ட கால்வாசி இங்கேதான் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் நேரே இரட்டைப் பிணைப்பில் போய் உட்காருவதில்லை. அதற்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜன்தான் முதலில் உருவப்படுகிறது. சாதாரண ஹைட்ரஜனை உருவ 410 கிலோ ஜூல் ஆகும். இரட்டைப் பிணைப்பை ஒட்டியதற்குச் சுமார் 370. எண்ணெயிலுள்ள லினோலியிக் என்ற கொழுப்பு அமிலத்தில்போல இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டதற்கு 320 போதும். உருவியதும் எஞ்சும் தனி உறுப்பு (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறு) ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அதற்கடுத்ததை, சங்கிலிபோல. இப்படி உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடு உடைந்து ஹெக்சனல் போன்ற ஆல்டிஹைடுகளாகும்போது மூக்கில் ஏறுவதுதான் சிக்கு வாடை. நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள செசமால் என்ற பொருள் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுத்துவிடும். அதே எண்ணெயிலுள்ள செசமோலின் என்ற இன்னொரு பொருள் சூட்டில் உடைவதால் இன்னும் கொஞ்சம் செசமாலும் சேரும். (தேங்காய் எண்ணெய்க் காறல் பெரும்பாலும் வேறு வகை. ஈரம் பட்டுக் கொழுப்பு அமிலம் பிரிவதால் வருவது. அதற்கு இரட்டைப் பிணைப்பே வேண்டியதில்லை.)

ஆக, கவனிக்க வேண்டியது சங்கிலியைத் தொடங்கிவைப்பது எது என்பதை. என் கணக்கில் முதல் குற்றவாளி, வாணலியில் மிஞ்சிய பழைய எண்ணெயோடு புது எண்ணெயை ஊற்றிச் சுடுவது. பழையதிலுள்ள பெராக்சைடு புது எண்ணெய்க்கு உறை மோர் மாதிரி. அடுத்தது செம்பு: ஈயம் தேய்ந்த பித்தளை அண்டாவில் எண்ணெய் வைத்தால், கரையும் துளிச் செம்பே பெராக்சைடை உடைத்துப் புதுச் சங்கிலிகளைக் கிளப்பும். எவர்சில்வர் நல்லது.

பாலிதீன் உறையும் எத்தீன் என்ற ஆல்கீனிலிருந்து வந்ததுதான், ஆனால் பை பிணைப்பெல்லாம் திறந்து கோத்துக்கொண்டதால் அது எண்ணெய் மாதிரி எளிதில் கெடாது. இருந்தாலும் ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும். உறையில் போட்டு முடிச்சிடுவதைவிட, நன்றாக ஆறவிட்டு, வெளிச்சம் படாத டப்பாவில் விளிம்புவரை அடுக்குங்கள். அன்றாடம் எடுக்கச் சின்ன டப்பா தனியாக இருக்கட்டும்; பெரியதைத் திறக்கத் திறக்க உள்ளே புதுக்காற்று போகும்.